ஜோ ஒரே நூலோடு மறைந்தவள் அல்லள்
ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ‘பேமஸ் பைவ்’ சாகசக் கதை வரிசையில் ஜோ என்ற சிறுமி ஒரே ஒரு நூலில் வந்து மறைந்துவிடுகிறாள், அவளுக்குக் கிடைத்த இடம் போதாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்; ஒரே நூல் என்பது தவறு. 1942 முதல் 1963 வரை வெளிவந்த 21 நூல்களில், 1950, 1952, 1955 ஆகிய ஆண்டுகளின் மூன்று நூல்களில் அவள் வருகிறாள். கதையின் ஐவரில் ஒருத்தியான ஜோர்ஜ் என்ற சிறுமியின் சாயல் கொண்ட அந்த நாடோடிச் சிறுமி, தான் வரும் முதல் நூலிலேயே (1950), கடத்தப்பட்ட ஜோர்ஜை மீட்கக் கோபுரச் சுவரில் ஏறுகிறாள். 1955 நூலில் ஜோர்ஜ் மீண்டும் கடத்தப்படும்போதும் துணை நிற்பவள் அவளே. அவளுக்குக் கிடைத்த இடம் போதாது என்ற அவ்வாசகரின் ஆதங்கத்தை மட்டும் முழுமனதுடன் ஏற்கிறேன். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு இக்கதையை வாசித்துக் காட்டியபோது, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “ஜோ பிறகும் வருவாளோ, ரீச்சர்?” என்று கேட்டாள், ஜோவின் நெருப்பு விழுங்கும் மாமா அல்பிரடோ வருகின்ற 1952 நூலை அன்றே இரவலாக வாங்கிச் சென்றாள்.