நிலத்தை விற்கிறவர் எப்படி வழிகாட்டி ஆவார்?

மனை வாங்கக் கற்றுத்தருகிறோம் என்று நடத்துகிற பயிற்சிக் கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "இந்த மனையை நான் வாங்கினால் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் சார்?" என்றுதான் அதில் ஒரு தம்பி பயிற்சியாளரிடம் கேட்டான். இருபத்தைந்தாயிரம் ரூபாய் கட்டிப் பயிற்சிக்கு வந்தவன். "உனக்கு நெகட்டிவ் மைண்ட்செட்" என்று மேடையிலிருந்தே சொல்லி உட்கார வைத்தார்கள். கூட்டம் கை தட்டுகிறது.

வழிகாட்டி தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அந்தக் கேள்விதான். நாம் வாங்கினால் காசு பார்க்கிறவர் விற்பனையாளர். அவரை குரு என்று கூப்பிடாதீர்கள்.

2014-ல் எனக்கும் ஒரு அண்ணன் வாய்த்தார். மதுராந்தகம் பக்கம் வேனில் கூட்டிப்போனார், சாப்பாடு போட்டார், பஞ்சாயத்து அப்ரூவலே போதும் என்றார். அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் நான்கு லட்சம் போனது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் இருந்த எங்கள் மனையும் அதில் சேர்த்தி. தங்கை கல்யாணத்துக்கு விற்கலாம் என்று நாங்கள் கிளம்பியது அந்த நவம்பரில். அண்ணன் போனையே எடுக்கவில்லை.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர். என் பத்திரத்தைப் பார்த்ததும் திட்டினார். "தாய்ப்பத்திரம் எங்கே? முப்பது வருஷ வில்லங்கம் போட்டியா? பட்டா யார் பேரில் இருக்கு? புலப்படத்தில் பாதை இருக்கா?" தாய்ப்பத்திரம் என்றால் முந்தைய உரிமையாளரின் பழைய பத்திரம்; வில்லங்கம் என்றால் அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்; புலப்படம் என்றால் நிலத்தின் அளவு வரைபடம். மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் அவர் கடையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு மனையைக்கூட வாங்கு என்று அவர் சொன்னதில்லை. மூன்று இடங்களை வேண்டாம் என்றார்.

"அனுபவத்துக்கு விலை வேண்டாமா?" என்கிறீர்கள். சரி, வாங்கட்டும். வக்கீலுக்கு லீகல் ஒப்பீனியனுக்குக் கொடுக்கிறோமே. மாணவனிடம் ஃபீஸ், மனை போட்டு விற்கிற புரோமோட்டரிடம் கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, அதை மறைப்பதுதான் தப்பு. மனை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அந்த நம்பரைக் கேட்டாலும் நெகட்டிவ் மைண்ட்செட்தானா?

அப்புறம், "நீ ஏமாந்ததால் எல்லோரும் திருடனா?" என்று கமெண்டில் எழுதியவருக்கு. ஆமாம், ஏமாந்தேன். அந்த நான்கு லட்சத்தைப் பற்றி அப்பா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியதை அவரே அடைத்தார். அந்தத் தம்பியின் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார். கை தட்டியவர்களுக்கு அது தோன்றவே இல்லையா?

தம்பி, நீ இதைப் படித்தால் அவர்கள் காட்டிய மனையின் சர்வே நம்பரை எனக்கு இன்பாக்ஸில் அனுப்பு. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். சனிக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.