பிரசங்க பீடத்துக்கும் சபை ஒழுங்கு உண்டு

ஒரு வாலிபன் ஒழுக்கத்தில் தவறிவிட்டால் உடனே சபையை நடத்தும் மூப்பர்கள் கூடுகிறார்கள், திருவிருந்து மறுக்கப்படுகிறது, ஆராதனை அறிவிப்பில் அவன் பெயரும் வாசிக்கப்படுகிறது. அதே சபையில், "உங்கள் வீட்டில் வியாதி நீங்காததற்கு உங்கள் அவிசுவாசமே காரணம்" என்று பிரசங்கித்த ஊழியரைக் கைகுலுக்கி, மறுபடியும் வாருங்கள் என்று வழியனுப்புகிறோம். இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடக்கும் கணவனுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "என் ஜெபத்தில்தான் குறையோ" என்று தன்னைத்தானே குடைந்துகொள்வாள். அவர் இறந்துபோனால், துக்கத்தோடு அந்தப் பழியையும் சேர்த்துச் சுமப்பாள். துர்உபதேசத்தை, அதாவது வேதத்துக்கு மாறான போதனையை, ஏதோ வேதாகமக் கல்லூரி விவாதமாக நினைப்பவர்கள் அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய் உட்காரட்டும். தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாய் விட்டுவந்ததாக எழுதிய பவுலுக்கு விசுவாசம் குறைவாகவா இருந்தது?

யாராவது கேள்வி கேட்டால், இரண்டு வசனங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்". 105-ஆம் சங்கீதம் அங்கே பேசுவது, அந்நிய தேசங்களில் அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பற்றி. உபதேசத்தைச் சோதிக்கக் கூடாது என்று அது எங்கே சொல்கிறது? அபிஷேகம் பெற்ற தாவீது ராஜாவிடம்தான் தீர்க்கதரிசி நாத்தான், "நீயே அந்த மனுஷன்" என்று பாவத்தைச் சுட்டிக்காட்டினான். மற்றொன்று, மத்தேயு 7-இன் முதல் வசனம், குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பது. அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தில் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களைக் குறித்து ஆண்டவர் எச்சரிக்கிறார். சோதித்துப் பார்க்காமல் ஓநாயை எப்படி அடையாளம் காண்பது?

வேதம் காட்டும் ஒழுங்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். தவறிய சகோதரனிடம் முதலில் தனியே போகவேண்டும், பிறகு இரண்டொரு சாட்சிகளோடு, அதன் பிறகே சபைக்கு. மத்தேயு 18 சொல்வது இது. மூப்பரைப் பற்றிய 1 தீமோத்தேயு 5-ஓ, இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் புகாரை ஏற்காதே என்கிறது; பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பர்னபாவும் அந்த மாய்மாலத்தில் இழுபட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே முகமுகமாய் எதிர்த்தார். பந்தி பொதுவில் பிரிந்ததால் கண்டிப்பும் பொதுவில் வந்தது.

ஆனால் பிழையாகப் பேசுகிற எல்லாரும் கள்ளப் போதகர் அல்லர். எபேசுவில் யோவான் ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்து தைரியமாய்ப் பேசிய அப்பொல்லோவை, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்தார்கள். அவர் கற்றுக்கொண்டார். இமெநேயுவும் பிலேத்துவும் வேறு ரகம். உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்துப்போட்டார்கள். இரண்டொருதரம் புத்தி சொல்லியும் கேளாதவனை விட்டு விலகு என்று பவுல் தன் உடன் ஊழியனான தீத்துவுக்கு எழுதியது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். இந்த வித்தியாசம் தெரியாமல், ஒரு நிமிடக் காணொளித் துண்டை வைத்து யாரையும் வேதப்புரட்டர் என்று முத்திரை குத்துவதும் பாவமே. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்தறிந்த எபேசு சபையையும், ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று ஆண்டவர் கடிந்துகொண்டாரே.

ஒழுங்கு நடவடிக்கை என்ற பேரில் தனக்குப் பிடிக்காதவர்களைத் துரத்தும் தலைவர்களும் உண்டு. 3 யோவானில் வரும் தியோத்திரேப்பு அப்படிப்பட்டவன். சகோதரரை ஏற்றுக்கொள்ள விரும்பினவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளினான். அதனால்தான், முடிவு ஒரே மனிதரின் கையில் இருக்கக் கூடாது என்கிறேன்.

மூப்பர்களே, உங்கள் மேடையில் துர்உபதேசம் பேசப்பட்டால், அடுத்த ஆராதனையில் அதே மேடையிலிருந்து, பேசியவர் எவ்வளவு பெரிய ஊழியராயினும், அது தவறு என்று வேதத்தைத் திறந்து காட்டுங்கள். முன்பு தண்டித்து விலக்கிய அந்த வாலிபன் மனந்திரும்பியிருந்தால், அவனைத் தேடிப் போங்கள். கொரிந்து சபை தண்டித்த ஒருவனைக் குறித்து, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்று பவுல் எழுதினார். அவன் பெயரை அறிவிப்பில் வாசித்தவர்கள், அவன் திரும்ப வந்ததையும் அதே அறிவிப்பில் வாசிக்கட்டும்.