ஓணத்துக்கும் தீபாவளிக்கும் நடுவே எனக்கும் ஒரு சினிமா உண்டு

சனிக்கிழமை இரவு நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சினிமாக் குழுவில் நடந்ததை இங்கே பலரும் பார்த்தீர்கள் என்பதால் முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வருகிற புரட்டாசியில் வெளியாக இருக்கும் படங்களில் எவற்றுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு சிறு பட்டியல் எழுதினேன். அவற்றில் ஒன்றிரண்டைத்தான் தியேட்டரில் பார்ப்பேன் என்றும் சேர்த்து எழுதினேன். அந்தக் கடைசி வாக்கியம் குற்றமாகிவிட்டது. "வருஷத்துக்கு மூணு படம் பாக்குறவருக்கு எதுக்குய்யா எதிர்பார்ப்பு?" என்று ஒருவர் தொடங்கி வைக்க, மற்றவர்கள் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். காலையில் பார்த்தால் பதிவையே காணோம். குழுவின் தரத்தைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு படத்தை எதிர்பார்ப்பதற்கு எந்தத் தகுதிச் சான்றிதழும் தேவையில்லை. உண்மையில் எப்போதாவது படம் பார்ப்பவன்தான் அதிகம் எதிர்பார்க்கிறான். வாரந்தோறும் போகிறவருக்கு ஒரு படம் ஏமாற்றினால் அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கிறது. எனக்கு அடுத்த வருடம்தான் இருக்கிறது.

ஏன் புரட்டாசி என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். ஓணத்துக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, கடைக்கு இல்லை. ஐப்பசி பிறந்தால் தீபாவளிக் கூட்டம், அது ஓய்வதற்குள் கிறிஸ்துமஸ். மற்ற மாவட்டத்து ஜவுளிக்கடைக்காரர்கள் தீபாவளியோடு மூச்சு விடுவார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே ஓணம் கழிந்து தீபாவளி தொடங்கும் வரையிலான அந்த இடைவெளி, பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் வருகிற சில நாட்கள், அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சினிமாப் பருவம். தீபாவளிக்கு வரும் பெரிய படத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். புரட்டாசிப் படம் என்னுடையது.

அந்தப் பருவம் ஒன்றும் மிச்சம் மீதி படங்களைத் தள்ளிவிடும் காலமும் அல்ல. 2018-இல் செப்டம்பர் 28 அன்று 'பரியேறும் பெருமாள்' வந்தது, அடுத்த வாரமே அக்டோபர் 4 அன்று '96' வந்தது. 2024 செப்டம்பர் 20-இல் 'லப்பர் பந்து'. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லி, பக்கத்து வீட்டார் அடுத்த வாரம் கிளம்பிப் போய்த்தான் இப்படிப்பட்ட படங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கத்து வீட்டார் யார்? நீங்கள் சிரித்தீர்களே, நாங்கள்தான்.

"முதல் நாள் ரசிகன் இல்லாவிட்டால் படத்துக்கு வசூலே இல்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இருக்கட்டும், அவர்களை யார் வேண்டாம் என்றது? 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு, கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே. நம் பிள்ளைகள் களியக்காவிளை எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள். சந்தோஷம். அதே நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பவரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறார். அவர் அந்தப் படத்தைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் அவருடைய டிக்கெட் காசு செல்லாதா?

2024-இல் 'மெய்யழகன்' பார்க்க அம்மாவை நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, பகல் காட்சி. அம்மா செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, சம்மணம் போட இடம் இருக்கிறதா என்று காலாலேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். உறவுக்காரனின் பெயர் நினைவுக்கு வராமல் கதாநாயகன் தவித்துக்கொண்டே இருக்க, இடைவேளையில் என் பக்கம் திரும்பி, "மக்களே, பேரக் கேட்டாத்தான் என்ன இப்பம்?" என்று அவன்மேல் உண்மையாகவே கோபித்துக்கொண்டார். கடைசிக் காட்சிகளில் முந்தானை கண்ணிலிருந்து இறங்கவில்லை. வியாழக்கிழமை 'வேட்டையன்' வந்தது, நாங்கள் பார்த்த படம் அந்தத் தியேட்டரில் ஒற்றைக் காட்சியாகச் சுருங்கியது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் நீளம் என்று முதல் சில நாட்களில் பார்த்தவர்கள் குறைப்பட்டதால் 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டிருந்தார்கள், எங்களுக்குக் கிடைத்தது அந்த வெட்டிய படம்தான். முதல் வாரத்தாரின் பொறுமையின்மைக்கு இரண்டாம் வாரத்து அம்மா விலை கொடுத்தார். அவரைக் கேட்டிருந்தால் இன்னும் அரை மணி நேரம் சேர்க்கச் சொல்லியிருப்பார்.

"நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடுமே" என்பதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. சினிமாவின் காவலர்களே அப்படிச் சொல்லும்போது நான் என்ன சொல்ல? நூறு ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கினார்கள், நூறைத் தாண்டினால் 18 தான். வீட்டோடு போகிறவன் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்கிறான். தேர்ந்தெடுப்பவனுக்கு ரசனை இல்லை, வருகிற எல்லாவற்றையும் பார்ப்பவருக்கே ரசனை உண்டு என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பட்டியலில் மலையாளப் படம் ஒன்று இருந்ததையும் விடவில்லை. "இவரெல்லாம் தமிழ் சினிமாவைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டவர் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர், போகட்டும். ஓணப் படம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஓடுவது அவருக்கு அதிசயமாக இருக்கலாம். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நாங்கள் தமிழ்நாட்டோடு இணைந்ததற்கு எங்கள் தாத்தாமார் கொடுத்த விலையை ஒரு சினிமா டிக்கெட்டைக் காட்டி அவர் அளக்க வேண்டாம். சிரித்தவர்களில் ஒருவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் கடன் கேட்ட நாட்களில் நான் எத்தனை படம் பார்க்கிறேன் என்று விசாரித்ததில்லை.

எங்கள் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், சரக்கு வந்து இறங்குவதற்கு முன், எல்லோருமாக ஒரு படம். எந்தப் படம் என்பதில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடக்கிறது, எந்த நடிகருக்கும் அவர்கள் மன்றம் வைக்கவில்லை. இவர்களையும் சேர்த்துச் சிரித்தவர்கள் இந்த ஐப்பசியில் எங்கள் கடைக்கு வந்து, காலை ஒன்பதிலிருந்து இரவு கடை சாத்தும் வரை நின்றுகொண்டே புடவை மடித்துப் பார்க்கட்டும். மறுநாள் அதிகாலைக் காட்சிக்கான டிக்கெட்டை நானே எடுத்துத் தருகிறேன், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்ப்போம்.