கணக்குப் போட்டவனுக்குத்தான் பயம் வரும்

நம் ஆபீஸில் நடந்த ஓய்வுக்காலச் சேமிப்புக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஓய்வுக்குத் தயார் என்று நம்பிக்கை உள்ளவர்கள் கை தூக்குங்கள்" என்றார் வந்திருந்த நிதி ஆலோசகர். ஐம்பதைத் தாண்டிய எங்கள் வரிசையில் ஒரு கையும் எழவில்லை. "சீனியர்ஸ் எல்லாம் கணக்கு கிளாஸ்ல தூங்கிட்டாங்க போல" என்றார். ஒரே சிரிப்பு. அதற்குக் கீழே நம் நண்பர்களே போட்ட ஸ்மைலிகளையும் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம்.

தம்பி, நாங்கள் தூங்கவில்லை. கணக்குப் போட்டோம், அதனால்தான் கை எழவில்லை.

பணவீக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வையுங்கள். எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு, 72ஐ அந்தச் சதவீதத்தால் வகுப்பது: 72ஐ 6ஆல் வகுத்தால் 12. அதாவது 12 ஆண்டில் செலவு இரட்டிப்பு. 60 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு 72 வயதில் இரண்டு மடங்கு, 84 வயதில் நான்கு மடங்கு. ஆஸ்பத்திரிச் செலவு தனி. "ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் சேமிப்பு தீராது" என்று ஸ்லைடில் போட்டார்களே, அது அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் போட்ட கணக்கு. அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை வைத்து, 30 ஆண்டுக்குப் போட்டது. ஸ்லைடில் அந்த வரி மட்டும் இல்லை. ஓய்வு பெற்ற கையோடு சந்தை சரிந்தால், சரிந்த விலைக்கு விற்றுத்தான் சாப்பிட வேண்டும். அப்புறம் சந்தை ஏறும். ஏறுவதற்கு நம்மிடம் மிச்சம் இருக்காது. இதைக் கேட்டவரைத்தான் "நேரமில்லை சார்" என்று உட்கார வைத்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர், சிக்கனத்துக்குப் பெயர் போனவர். ஒருநாள் இடைவேளையில் போனில் ஓய்வுக்கால கால்குலேட்டரைக் காட்டினார். 'எந்த வயது வரை வாழ்வீர்கள்?' என்று கேட்டது. 80 என்று வைத்தார், பச்சை, அதாவது பணம் போதும். விரலால் 90க்குத் தள்ளினார், சிவப்பு. மறுபடி 80க்கே இழுத்துவிட்டு, "இது போதும்ப்பா" என்றார். அவருடைய அம்மா அப்போது தொண்ணூறைத் தாண்டி வீட்டில் இருந்தார். இவருக்கா கணக்குத் தெரியாது?

"இளவயதிலேயே சேமித்திருக்கணும்" என்பீர்கள். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி? கடைசிச் சம்பளத்தை வைத்து ஆயுள் முழுக்கப் பென்ஷன் என்று இருந்ததை, பல நாடுகளில், நாங்கள் வேலையில் இருக்கும்போதே, 'நீ போட்டது, சந்தை கொடுத்தது, அவ்வளவுதான் உன் பென்ஷன்' என்று மாற்றினார்கள். முதலாளி சுமந்த பாரம் தொழிலாளி தோளுக்கு வந்தது. ஏற்றிவிட்டவர்களே இப்போது வந்து, ஏன் தோள் குனிகிறது என்று கேட்கிறார்கள்.

வீடியோவுக்குக் கீழே ஆதாரத்தோடு ஒருவர் வந்தார்: கூட்டுவட்டி, பணவீக்கம், முதலீட்டைப் பிரித்து வைப்பது பற்றி 2004இல் அமெரிக்காவில் ஐம்பது கடந்தவர்களிடம் மூன்று எளிய கேள்விகள் கேட்டார்களாம், மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதானாம். உண்மைதான். அங்கே இருபதுகளில் இருந்தவர்களிடம் கேட்டபோது அதைவிடக் குறைவு. அதற்கு ஸ்மைலி எங்கே?

ஆலோசகர்கள் மேல் வன்மமா? இல்லை. அடுத்தது.

"நெகட்டிவாகப் பேசாதீர்கள், உடம்பு ஒத்துழைக்கும் வரை வேலை பாருங்கள்." பார்க்கிறோம், யார் தருவார்கள்? அமெரிக்காவில் வருடாவருடம் எடுக்கும் ஓய்வு நம்பிக்கைக் கணிப்பில் ஒரு சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. ஓய்வு பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தாங்கள் நினைத்ததற்கு முன்பே வேலையை விட்டவர்கள். ஒன்று உடம்பு படுத்தியிருக்கும், இல்லை ஆபீஸ் அனுப்பியிருக்கும். 65 வரை உழைப்பேன் என்று நம்பிக்கையோடு கை தூக்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்தானே?

நெகட்டிவ் என்ற பட்டம்தான் வலிக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஆபீஸில் எது கெடும் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் நாங்கள்தான். அப்போது அதற்கு அனுபவம் என்று பெயர். ஆள்குறைப்புப் பட்டியல் எங்கள் வரிசையில்தான் ஆரம்பிக்கிறது. அது முடிந்ததும் மிச்சம் இருப்பவர்களுக்கு நம்பிக்கை வகுப்பு. பணவீக்கத்தையும் சந்தையையும் ஆயுசையும் உங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்களை எப்போது அனுப்புவதாக உத்தேசம், அதை மட்டும் சொல்லிவிடுங்கள். கால்குலேட்டரில் அந்த ஒரு கட்டத்தையாவது ஊகிக்காமல் நிரப்பிக்கொள்கிறேன்.