பேண்ட்விட்த் கூடும், சாம்பிளிங் கூடாது

"ரிகோல் டிஎஸ்1054இசட் ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) உரிம கீ போட்டால் பேண்ட்விட்த் (எவ்வளவு வேகமான அலை வரை காட்டும் என்ற வரம்பு) 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆகும், சாம்பிளிங் வேகமும் (விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதும்) இரட்டிப்பாகும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது தவறு. கீ திறந்துவிடுவது சிக்னலை முதலில் வாங்கும், மென்பொருளால் பூட்டி வைத்த அனலாக் முன்பகுதியைத்தான். சிக்னலை எண்களாக மாற்றும் சிப்பான ஏடிசி அதே பழைய ஏடிசி: ஒரு சேனல் மட்டும் என்றால் விநாடிக்கு 100 கோடி சாம்பிள், நான்கையும் போட்டால் தலைக்கு 25 கோடி. அப்போது அதில் பாதியான 125 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி உள்ளே வருவதெல்லாம் மடங்கி, இல்லாத அலையாகத் திரையில் தெரியும். கீ போட்ட பிறகு இந்தத் தொல்லை அதிகம்தான்! வேகமான சிக்னல் என்றால் ஒரே சேனலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெதுவானது என்றால் அதற்கு மேல் உள்ளதை வடிகட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் இருக்கிறது, அதைப் போடுங்கள். திறந்ததா என்று பார்க்க மெனுவை நம்பாதீர்கள். கூர்மையான பல்ஸ் கொடுத்து ரைஸ் டைமை (அலை மேலே ஏற எடுக்கும் நேரத்தை) அளந்து பாருங்கள், சுமார் 7 நானோவிநாடி 3.5 பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.