சக்கரத்தை எது பிடிக்குதுன்னு பாருங்க

வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிற உடற்பயிற்சி சைக்கிள் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படிச்சேன். அதில் "குளிர்காலத்துக்கு மட்டும்தானே, விலை குறைவான உடற்பயிற்சி சைக்கிளே போதும்" என்று வருகிற இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லீங்க. எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி விடியலில் பனி, எதிரே தேங்காய் லாரி வந்தாலும் தெரியாது. அதனால்தான் மூணு வருசத்துக்கு முன்னால் நானும் மலிவாக ஒண்ணு வாங்கினேன். கம்பளிக் கட்டை சக்கரத்தை உரசிப் பிடிக்கிற வகை. ஆறே மாசத்தில் கட்டை தேய்ந்து ஒரே கீச்சுச் சத்தம். கீழ் வீட்டு அக்கா, "ஏனுங் தம்பி, காலங்காத்தால மாவு ஆட்டறீங்களா?"ன்னு கேட்டே போட்டாங்க.

காந்தத்தால் சக்கரத்தைப் பிடிக்கிற வகையில் உரசலே கிடையாது. காந்தம் சக்கரத்தை நெருங்க நெருங்க மிதி கனமாகும், அவ்வளவுதான். செயினுக்குப் பதில் பெல்ட் இருந்தால் சத்தம் இன்னும் குறையும், எண்ணெய் விடுகிற வேலையும் மிச்சம். முன்னால் சுற்றும் அந்தச் சக்கரம் நல்ல கனமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மிதி வெட்டி வெட்டித்தான் போகும்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதன் பின்சக்கரத்தை ஏற்றி மாட்டுகிற, டிரெய்னர் என்கிற ஸ்டாண்டே வாங்கலாம். டயர் சூடாகிச் சீக்கிரம் தேயும், அதுக்குத் தயாராக இருக்கணும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஏறி உட்கார்ந்து பாருங்க. மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். எங்க அப்பா சீட்டை ரொம்ப இறக்கி ஓட்டிவிட்டு, முட்டி வலிக்கு ஒரு வாரம் தைலம் தேய்த்தார். அப்புறம், மார்கழியானாலும் ஃபேன் வேணுங்க. வேர்வை சொட்டியே என் பழைய சைக்கிளில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்துப் போச்சு.