படிவத்தில் இடமில்லாத கேள்வி

படிப்பு முடித்த புதிதில் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை பார்த்தேன். வீட்டுக்கு 46 கேள்விகள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன ஓர் அம்மா, நான் எழுந்தபோது கேட்டார்: "போன வருஷமும் ஒரு பொண்ணு வந்து இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போச்சு. அதுல என்ன தெரிஞ்சுதுன்னு உனக்காவது தெரியுமா தம்பி?" எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடமும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

"மக்கள் பங்கேற்புடன் கூடிய ஆய்வு" என்று எங்கே படித்தாலும் அந்த அம்மா முகம்தான் நினைவுக்கு வருகிறது. பல இடங்களில் பங்கேற்பு என்பது ஒரு கூட்டம், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். எதை ஆராய்வது என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அந்த முடிவெடுக்கும் இடத்தில் ஆய்வுக்குள்ளாகும் மக்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன். பரிவு காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் ஆய்வே தப்பாகிவிடுகிறது.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் மழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஆடுகளை விற்கத் தடை. மூன்றே வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். அது களிமண்ணுக்கான கணக்கு. களிமண் சீசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு விடாது. மலையில் இருந்ததோ மட்கு நிறைந்த அமில மண். சீசியம் புல் வழியாக ஆட்டுக்குள் திரும்பத் திரும்ப ஏறியது. கடைசிக் கட்டுப்பாடுகள் விலகியது 2012இல்!

இதற்கு நடுவே இன்னொன்று. பென்டோனைட் என்ற களிமண்ணைத் தூவினால் பலன் இருக்குமா என்று பார்க்க, மலையில் சுற்றித் திரிந்த ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். "இந்த ஆடுகளை அடைத்தால் மெலிந்துபோகும், உங்கள் சோதனை கெடும்" என்று ஆட்டுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பிறகு சோதனையைக் கைவிட்டார்கள், நீங்கள் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே. கதிர்வீச்சைப் பற்றி ஆட்டுக்காரருக்குத் தெரியாது, சரி. ஆட்டைப் பற்றித் தெரியாதா?

அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் கதை வேறு மாதிரி. தங்களை வாட்டிய நீரிழிவுக்கு வழி பிறக்கும் என்று நம்பி 1990களில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார்கள். 2003இல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்த அவர்கள் பெண் ஒருவர், ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போய் உட்கார்ந்தார். தங்கள் ரத்தத்தை வைத்து வேறு ஏதோ ஆய்வு நடப்பது அங்கேதான் தெரியவந்தது. மனச்சிதைவு நோய், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம்கூட அலசப்பட்டிருந்தது. வழக்கு 2010இல் சமரசமாகி, 41 பேருக்கு 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. கையெழுத்து போட்டுத்தானே கொடுத்தார்கள் என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

மக்களைச் சேர்த்துக்கொள்வதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சமூகம் என்றால் யார்? கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர் பேசுவார், பின்னால் நிற்கும் பெண்கள் பேச மாட்டார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மாதச் சம்பளக்காரர்கள் "பங்கேற்பு" என்று எழுதிக்கொள்வதும் நடக்கிறது. தாமதமும் ஆகும்தான். மூன்று வாரக் கணக்கு 26 வருடம் இழுத்ததைவிடவா?

போன மாதம் நண்பர் ஒருவர் தன் ஆய்வுப் படிவத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். முடிவுகளை யார், எந்தத் தேதியில் நேரில் வந்து சொல்வார்கள் என்று முதல் பக்கத்திலேயே போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு பட்ஜெட்ல இடமே இல்லையே" என்றார்.